ஏழுமலை அண்ணன் பேசும் வீடியோ

1

அம்மாவின் முதல் வருஷ தெவசத்துக்கு நான் ஊருக்குப் போகவில்லை. லீவு கிடைத்திருந்தது. டிக்கெட்டும் பார்த்து வைத்திருந்தோம். பிரான்ஸில் எனக்கிருக்கும் குடியிருப்பு அட்டையைப் புதுப்பிக்கக் கொடுத்த இடத்தில் என் பெயர் மாட்டிக்கொண்டது. என் மாமனார் சொல்தா, அதாவது பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து பென்ஷன் வாங்கியவர். அதனால் எங்கள் கல்யாணப் பதிவு பிரெஞ்சு முறையில் எழுதப்பட்டது. அஞ்சலை என்ற என் பெயருக்கு அதில் ஓர் எழுத்து கூடுதல். இந்திய பாஸ்போர்ட்டில் அந்த எழுத்து கிடையாது. இத்தனை வருஷம் யாரும் கவனிக்காததை, கவுண்டருக்குப் புதிதாக வந்த பெண் கவனித்துவிட்டாள்.

“இந்த இரண்டு பெயரும் ஒரே ஆளுடையதுதான் என்று சான்று வேண்டும், மதாம். அதுவரை வெளிநாட்டுக்குப் போகாமலிருப்பது நல்லது” என்றாள்.

அவள் வெளிநாடு என்று சொன்னது புதுச்சேரியை. அது புரிய எனக்குக் கொஞ்ச நேரம் ஆனது.

பாரிஸுக்கு வடக்கே, ரயிலில் அரை மணி தூரத்தில் இருக்கிறோம். பள்ளிக்கூடம் ஒன்றின் கேன்டீனில் தட்டு கழுவும் இடத்தில் எனக்கு வேலை. வீட்டுக்கு வந்தால் கை முழுக்க சோப்பு வாசனைதான். அன்றைக்கு அந்தக் கையோடு புதுச்சேரி ரெட்டியார்பாளையத்தில் இருக்கும் தம்பி குமாருக்குப் போன் போட்டேன்.

“குமாரு, தெவசத்த உன் போன்ல படம் புடிச்சி அனுப்புடா.”

“போன்லயேவா? அங்க வரைக்கும் வரணும்னா எவ்ளோ காசு புடிக்கும்க்கா?”

“போன்ல அனுப்ப வேணாம். கம்ப்யூட்டர்ல ஏத்தி வுடணும். நான் இங்க தொறந்து பாத்துக்குவேன்.”

“நம்ம வூட்ல ஏது கம்ப்யூட்டரு?”

கேமரா வைத்த போன் அப்போதுதான் ஊரில் எல்லார் கைக்கும் வந்துகொண்டிருந்தது. எடுக்கத் தெரிந்தவர்கள் உண்டு, அனுப்பத் தெரிந்தவர்கள் இல்லை. எனக்கும் தெரியாது. பதினைந்து வயது மகள் லாவண்யா பிரெஞ்சில் வேகமாகச் சொல்வாள். நான் அதைத் தமிழாக்கிக் குமாருக்குச் சொல்வேன். போனுக்குள் விரல்நகம் அளவுக்கு ஒரு கார்டு இருக்கும், படமெல்லாம் அதில்தான் சேரும், அதைக் கழற்றி பிரவுசிங் சென்டரில் கொடு, இன்டர்நெட்டில் வீடியோ போடுவதற்கென்றே இடம் இருக்கிறது, உன் பெயரில் அதில் கணக்கு ஆரம்பிக்கச் சொல், ஏற்றி முடித்ததும் ஒரு முகவரி வரும், அதை எனக்கு மெயில் பண்ணச் சொல். இதைச் சொல்லி முடிப்பதற்குள் லாவண்யா இரண்டு தடவை பெருமூச்சு விட்டாள்.

“அம்மா, மாமாவுக்கு இது ஏன் புரியவில்லை?” என்று பிரெஞ்சில் கேட்டாள்.

“நீ சொல்வது எனக்கே பாதிதான் புரிகிறது” என்று நான் தமிழில் சொன்னேன். அதில் அவளுக்கு எவ்வளவு புரிந்ததோ தெரியாது.

குமார் அந்த வாரமே ஏற்றிவிட்டான். பிரவுசிங் சென்டர்காரர் “பப்ளிக்கா, பிரைவேட்டா?” என்று கேட்டிருக்கிறார். குமார் பப்ளிக் என்றிருக்கிறான். ஏன் அப்படிச் சொன்னாய் என்று பிறகு கேட்டதற்கு அவன் சொன்னான்: “பிரைவேட்னா காசு அதிகமா புடிக்கும்னு நெனச்சேன்க்கா. பிரைவேட் ஆஸ்பத்திரி மாதிரி.”

2

எங்கள் வீட்டில் மூன்று பேர். மூத்தவர் ஏழுமலை அண்ணன், நடுவில் நான், கடைசி குமார். அண்ணனுக்குப் பிறவியிலேயே காது கேட்காது, பேச்சும் வரவில்லை. பள்ளிக்கூடத்துக்கு அனுப்பவில்லை. அந்தக் காலத்தில் எங்கள் அப்பாவுக்கு அது தோன்றவில்லை.

ஆனால் வீட்டுக்குள் எங்களுக்கு ஒரு பேச்சு இருந்தது. யாரும் சொல்லிக்கொடுத்தது இல்லை, தானாக வந்தது. மூக்கின் பக்கவாட்டில் ஒரு விரலை வைத்தால் அம்மா, ஏனென்றால் அம்மா மூக்குத்தி போட்டிருந்தார். கட்டைவிரலை வாயில் வைத்தால் குமார். அவனுக்குப் பிள்ளைகள் பிறந்த பிறகும் அண்ணனுக்கு அவன் விரல் சூப்பும் குமார்தான். இரண்டு தோளிலும் கையை இழுத்துவிட்டால் இரட்டை ஜடை, அது நான். நான் பிரான்ஸ் வந்த பிறகு அதற்கும் ஒரு சைகை வந்ததாக அம்மா போனில் சொன்னார்: கையை விமானம் மாதிரி மேலே ஏற்றிவிட்டு, உடம்பை ஒடுக்கிக் குளிரில் நடுங்க வேண்டும்.

நான் வந்ததிலிருந்து ஊருக்குப் போக வாய்க்கவில்லை, அண்ணனோடு எனக்குப் பேச்சே இல்லை. போன் இருந்தது, ஆனால் போன் காதுக்கானது. ஒருமுறை அம்மா அவரிடம் ரிசீவரைக் கொடுத்திருக்கிறார். அவர் அதைக் கொஞ்ச நேரம் காதில் வைத்திருந்துவிட்டு, மரியாதையாகத் திருப்பிக் கொடுத்தாராம். ஞாயிற்றுக்கிழமை போன் போடும்போது, அம்மா இருந்தவரை அம்மாவிடமும், அதன் பிறகு குமாரிடமும் கேட்பேன், “அண்ணன் எப்பிடி இருக்கு?”

“அதுக்கென்னா? நல்லா இருக்குது. சாப்புடுது, தூங்குது, வேலைக்குப் போவுது.”

புதுச்சேரியில் உப்பளம் என்ற பகுதியில் ஒரு லாரிப் பட்டறையில் அவர் பெயின்ட் அடிக்கிறார் என்பது வரை தெரியும். வருஷக்கணக்காக அவரைப் பற்றி எனக்கு வந்த சேதி அவ்வளவுதான். அதற்கு மேல் இருக்கும் என்று நானும் நினைக்கவில்லை.

3

தெவசம் வீடியோவாக ஆறேழு துண்டுகள் வந்திருந்தன. ஐயர் வாய் அசைவது, வாழை இலை, அம்மா படம், குமாரின் மனைவி வடை தட்டுவது. இரைச்சல்தான் அதிகம். படம் தீப்பெட்டி அளவு. வேகமாக எதுவும் அசைந்தால் சதுரம் சதுரமாக உடைந்துபோகும். இரவுச் சமையலை அடுப்பில் வைத்துவிட்டு ஒவ்வொன்றாகப் பார்த்தேன். அழுகை வந்தது. பிறகு குழம்பு அடிப்பிடிக்கிறதே என்று எழுந்து போய்வந்தேன்.

கடைசித் துண்டில் வீடு இல்லை, கடற்கரைச் சாலை இருந்தது. கருங்கல் குவியலுக்கு முன்னால் ஏழுமலை அண்ணன் நின்றிருந்தார். நல்ல சட்டை போட்டு, தலைக்கு எண்ணெய் வைத்து வாரியிருந்தார். காதோரம் நரைத்திருந்தது. யாரோ போனைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். அண்ணன் நேராக என்னைப் பார்த்து இரண்டு தோளிலும் கையை இழுத்துவிட்டார்.

இரட்டை ஜடை. என்னை யாரும் அப்படிக் கூப்பிட்டு எத்தனை வருஷம்! என் தலையில் இப்போது ஜடை போடும் அளவுக்கு முடியே இல்லை.

அப்புறம் அவர் பேச ஆரம்பித்தார். எனக்குப் புரியவில்லை. கைகள் வேகமாகப் போயின, படம் உடைந்தது. நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். லாவண்யா வந்து, மெதுவாக ஓட்டுவது எப்படி என்று காட்டிவிட்டுப் போனாள். அப்போதுதான் ஒவ்வொன்றாகப் பிடிபட்டது. இரண்டு கையையும் கழுத்துக்குப் பின்னால் கொண்டுபோய் முடிச்சுப் போட்டார். தாலி. பிறகு தன் மார்பைத் தொட்டார். கட்டைவிரலை வாயில் வைத்தார், உடனே கையை விசிறி முகத்தைத் திருப்பிக்கொண்டார். குமார் வேண்டாம் என்கிறான். பிறகு மறுபடி இரட்டை ஜடை, விமானம், நடுக்கம். பிறகு வாய்க்கு முன்னால் விரல்களைத் திறந்து மூடினார். நீ அங்கிருந்து சொல்.

அதன் பிறகு போன் திரும்பியது. ஒரு பெண்ணின் முகம் வந்தது. முப்பத்தைந்து வயதிருக்கும், மாநிறம், நெற்றியில் சின்னப் பொட்டு. வெட்கத்தோடு வணக்கம் வைத்தாள். பின்பு போனை எங்கோ கல்லில் சாய்த்து வைத்துவிட்டு அண்ணனிடம் ஏதோ சொன்னாள். வாயால் இல்லை, கையால்தான். ஆனால் அது எங்கள் வீட்டுச் சைகை இல்லை. விரல்கள் ஒவ்வொன்றும் தனித்தனியாக வேலை செய்தன. அண்ணனும் அதே மாதிரி சரளமாகப் பதில் சொன்னார். அவள் சிரித்தாள். அவரும் சிரித்தார்.

அண்ணன் இப்படிப் பேசுவார் என்று எனக்குத் தெரியாது.

4

குமாருக்குப் போன் போட்டேன்.

“கடைசி வீடியோல யாருடா அந்தப் பொண்ணு?”

“எந்தப் பொண்ணு?” என்றவனுக்கு, நான் சொல்லச் சொல்லப் பிடிபட்டது. “அன்னிக்கு படையல் சாப்புட்டுத் தூங்கிட்டேன்க்கா. எழுந்து பாத்தா போனக் காணோம். சாயந்தரம் டிவி மேல இருந்துச்சி. இதானா விஷயம்!”

தெவசத்தன்று அவன் போனைத் தூக்கிப் பிடித்தபோது, எதற்கு என்று அண்ணன் கேட்டிருக்கிறார். குமார் இரட்டை ஜடை காட்டி, விமானம் காட்டியிருக்கிறான். அண்ணனுக்கு அது போதுமாக இருந்திருக்கிறது. பிரவுசிங் சென்டர்காரர் கார்டில் இருந்த அத்தனையையும் ஏற்றிவிட்டார்.

அந்தப் பெண் பெயர் கௌரி. பிள்ளைச்சாவடியில் மீன்பிடிக் குடும்பம். காது கேளாதவர்கள் பள்ளியில் படித்தவள், ஒரு சோப்புக் கம்பெனியில் பேக்கிங் வேலை பார்க்கிறாள். ஞாயிறு மாலைகளில் காது கேளாதவர்கள் கடற்கரைச் சாலையில் விளக்கு வெளிச்சத்தில் கூடுவார்களாம். பட்டறையிலிருந்து வரும்போது அண்ணன் ஒரு நாள் பார்த்திருக்கிறார். பிறகு வாராவாரம் போயிருக்கிறார். கல்யாணப் பேச்சு வந்து ஆறு மாதத்துக்கு மேல் ஆகிறதாம்.

“எங்கிட்ட ஏன்டா சொல்லல?”

“என்னான்னு சொல்றது? நாப்பத்தி மூணு வயசுல இதுக்குக் கல்யாணம். அதுவும் ரெண்டும் ஊமை. நாளைக்கு ஒரு புள்ள பொறந்து ராவுல அழுதா யாருக்குக் கேக்கும்? அவங்க ஆளுங்க வேற, நம்ம ஆளுங்க வேற. பெரியப்பா வூட்ல என்னா பேசுவாங்க? நீ அங்க இருந்துகினு சொல்லிடுவ. இங்க நான்ல பாக்கணும்.”

அவன் சொன்னதில் பாதி நியாயம் இருந்தது, அதனால் கோபமாகப் பதில் சொல்ல முடியவில்லை. அவன்தான் பார்த்தான். அப்பாவை, அம்மாவை, அண்ணனை, எல்லாரையும்.

மறுவாரம் அவனே கூப்பிட்டான். குரலே மாறியிருந்தது. “அக்கா, அந்த வீடியோவ ஊரே பாக்குதாம். பெரியப்பா பையன் பிரவுசிங் சென்டர்ல பாத்துட்டு வந்து சிரிக்கிறான். மொதல்ல அத எப்பிடி எடுக்கறதுன்னு கேட்டுச் சொல்லு.”

திறந்து பார்த்தேன். கீழே நாலைந்து பேர் ஆங்கில எழுத்தில் தமிழ் எழுதியிருந்தார்கள். ஊமை டான்ஸ். மாப்பிள்ளை சூப்பர். இப்படி. எங்கோ உட்கார்ந்திருக்கிற, எங்களைத் தெரியாத யாரோ. அண்ணனுக்கு எழுத்து தெரியாதது அன்றைக்கு ஒரு நிம்மதியாக இருந்தது.

அதற்கும் கீழே இன்னொன்று. அதுவும் ஆங்கில எழுத்துத் தமிழ்தான்: “அக்கா, நான் கௌரி. உங்க அண்ணன் உங்க கிட்ட பேசணும்னு ரொம்ப நாள் சொல்றாங்க. நீங்க பாத்தீங்களா?” பக்கத்தில் மெயில் முகவரி இருந்தது. அதைக் குறித்துக்கொண்டு, வீடியோவை பிரைவேட்டாக மாற்றுவது எப்படி என்று லாவண்யாவிடம் கேட்டுக் குமாருக்குச் சொன்னேன்.

5

சோப்பு வாசனை போகும்வரை கையைக் கழுவிவிட்டுச் சமையலறையில் நின்றேன். லாவண்யா கேமராவைப் பிடித்தாள். அண்ணனிடம் கேட்க எனக்கு ஒரு கேள்விதான் இருந்தது: உனக்கு நிஜமாகவே வேணுமா? கேட்க வந்தால் கை எழவில்லை. ‘வேணும்’ என்பதை எப்படிக் காட்டுவோம்? உள்ளங்கையை இழுப்போமா, நெஞ்சைத் தட்டுவோமா? மறந்துபோயிருந்தது. வாய் வேறு கூடவே பிரெஞ்சில் முணுமுணுத்தது. நான்கு தடவை எடுத்தோம்.

“போதும் அம்மா, எனக்குப் படிக்க இருக்கிறது” என்றாள் லாவண்யா. போகிற போக்கில், திரையில் நின்றிருந்த அண்ணன் முகத்தைப் பார்த்து, “அழகாக இருக்கிறார்” என்று பிரெஞ்சில் சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டாள். மாமாவைப் பற்றி அவள் எதுவும் கேட்கவில்லை.

பிரைவேட் என்று பார்த்து அழுத்தி, கௌரிக்கு அனுப்பினேன். கௌரி அண்ணனை பிரவுசிங் சென்டருக்குக் கூட்டிப் போயிருக்கிறாள். அங்கே இணைப்பு மெதுவாக இருந்ததால் என் படம் நின்று நின்று ஓடியதாம். ஒவ்வொரு தடவை நின்றபோதும் நான் யோசிக்கிறேன் என்று நினைத்து, அண்ணன் கௌரியைப் பொறுமையாக இருக்கச் சொன்னாராம். இதை அவள் மெயிலில் எழுதியிருந்தாள்.

அண்ணனின் பதில் பத்து நாளில் வந்தது. இந்த முறை கைகளை மெதுவாக, ஒவ்வொன்றாக, நிறுத்தி அசைத்தார். குழந்தைக்குப் பேசுவது போல. கௌரி சொல்லிக்கொடுத்திருக்க வேண்டும். நெஞ்சில் இரண்டு தடவை அடித்தார். வேணும். பிறகு மூக்கில் விரல் வைத்தார், அம்மா. கண்ணை மூடித் தலையைச் சாய்த்தார், செத்துப்போயிட்டாங்க. ஒரு விரலைத் தனியாக நிமிர்த்தினார். தன்னைத் தொட்டார். சுற்றிலும் கையைச் சுழற்றினார், வீட்டில் எல்லாரும் வாய் அசைக்கிறார்கள். அந்த ஒற்றை விரலை மறுபடி காட்டினார். நான் தனி.

வீட்டு மொழி அம்மாவோடுதான் இருந்திருக்கிறது. குமாருக்கு நேரமில்லை, அவன் பிள்ளைகள் கற்றுக்கொள்ளவில்லை. சாப்பிடு, வா, போ, தூங்கு என்பதற்கு மேல் அந்த வீட்டில் அவரோடு யாரும் பேசியதில்லை.

6

குமாரிடம் அதைச் சொன்னேன். திட்டவில்லை. அண்ணன் காட்டியதை அப்படியே சொன்னேன். பின்னால் அவன் பிள்ளைகள் டிவி பார்க்கிற சத்தம் கேட்டது.

“அதுக்கு வாயா இருந்தது நான்தான்க்கா” என்றான் கடைசியில். “ரேஷன் கடையில, பட்டறையில, ஆஸ்பத்திரியில, எங்க போனாலும் அது என் மூஞ்சியப் பாக்கும், நான் பேசுவேன். ஒரு நாளு பீச்சாண்ட போய் ஒளிஞ்சி நின்னு பாத்தேன். இருவது பேரு கூடி நிக்கிறாங்க. இது நடுவுல நின்னு என்னமோ கத சொல்லுது, எல்லாம் வுழுந்து வுழுந்து சிரிக்கிறாங்க. ஒண்ணும் புரில எனக்கு. திரும்பி வந்துட்டேன். அதுலருந்துதான் வேணாம்னு சொன்னேன்.”

“எனக்கும் புரியலடா.”

“நீ தூரமா இருக்க, உனக்கு மறந்துபோச்சி. நான் கூடவே இருக்கேனே.”

போன் கார்டில் காசு தீர்ந்து லைன் கட்டாகும் நேரம். அவசரமாகக் கேட்டேன், “என்னடா பண்ணலாம்?”

“நாளு பாக்கச் சொல்றேன்” என்றான். லைன் போய்விட்டது.

கல்யாணம் பிள்ளைச்சாவடியில், அவர்கள் தெருக் கோயிலில் நடந்தது. பெரியப்பா வீட்டிலிருந்து யாரும் வரவில்லை. குமார் அண்ணனுக்குப் பட்டு வேட்டி எடுத்துக் கொடுத்து, தாலி கட்டும்போது பக்கத்தில் நின்றான். என் அட்டை அப்போதும் வரவில்லை. சான்று கொடுத்தேன், சான்றை மொழிபெயர்க்கச் சொன்னார்கள். மொழிபெயர்த்தேன், மொழிபெயர்த்தவர் அவர்கள் பட்டியலில் இல்லை என்றார்கள். அந்த முகூர்த்த நேரத்தில் நான் கேன்டீனுக்குப் போகிற ரயிலில் நின்றுகொண்டிருந்தேன்.

அன்று தட்டு அடுக்கும்போது கூட வேலை செய்யும் மொனீக், ஏன் முகம் இப்படி இருக்கிறது என்று கேட்டாள். ஊரில் அண்ணனுக்கு இன்று கல்யாணம் என்றேன். அவருக்குக் காது கேட்காது என்றும் சொன்னேன். பிரெஞ்சில் செவிடு என்பதும் நிச்சயம் என்பதும் என் வாயில் ஒரே மாதிரி, ‘சூர்’ என்றுதான் வரும். எத்தனை வருஷம் ஆகியும் அந்த ஒலி எனக்குப் பிரியவில்லை.

“நிச்சயமாக இருக்கிறாரா? நல்லதுதானே, இந்த வயதில் கட்டினால் நிச்சயமாகத்தான் இருக்க வேண்டும்” என்றாள் மொனீக்.

திருத்த நினைத்தேன். அப்புறம், “ஆமாம், நிச்சயமாகத்தான் இருக்கிறார்” என்று சொல்லிவிட்டு அடுத்த தட்டை எடுத்தேன்.

கல்யாண வீடியோவைக் குமாரே எடுத்து, குமாரே ஏற்றியிருந்தான். இந்த முறை பிரைவேட்டாக. மேளச் சத்தம் நடுவே, தாலி ஏறியதும் ஒரு பக்கம் நின்றிருந்த இருபது முப்பது பேர் கைதட்டவில்லை. இரண்டு கைகளையும் தலைக்கு மேலே தூக்கி விரல்களை ஆட்டினார்கள். காது கேளாதவர்களின் கைதட்டல் அதுதான் என்று கௌரி பிறகு எழுதினாள். அந்த இடத்தில் படம் ரொம்ப ஆடியது.

7

இருவரும் பிள்ளைச்சாவடியிலேயே வாடகைக்கு இருக்கிறார்கள். சொந்தமாக ஒரு போன் வாங்கியிருக்கிறார்கள். முதல் மாதங்களில் வாரம் ஒரு வீடியோ வந்தது. புது ஸ்டவ், அண்ணன் பெயின்ட் அடித்த லாரி, வாசலில் காயும் வலை. கௌரி எனக்காக ஒன்றிரண்டு சைகைகள் சொல்லிக்கொடுத்தாள். வேலை முடிந்து வந்த களைப்பில் பழகிப் பார்ப்பேன். மறுநாள் மறந்துவிடும்.

பிறகு இரண்டு வாரத்துக்கு ஒன்று. இப்போது மாதம் ஒன்று. குறை சொல்ல ஒன்றுமில்லை. அவருக்குப் பேச ஆள் இருக்கிறது. என் அட்டையும் போன மாதம் ஒருவழியாக வந்துவிட்டது, பெயரில் அந்தக் கூடுதல் எழுத்தோடு. டிக்கெட் விலை இனிமேல்தான் பார்க்க வேண்டும்.

நேற்று ஒன்று வந்தது. அண்ணன் வாசலில் உட்கார்ந்து, நீ எப்படி இருக்கிறாய், எப்போது வருவாய் என்று கேட்டார். நான் மறுபடி பார்க்காமலே புரிந்துகொள்ளும் அளவுக்கு மெதுவாகக் கேட்டார். அப்போது கௌரி உள்ளேயிருந்து வந்து, அவர் தோளைத் தொட்டு ஏதோ சொன்னாள். அவர் திரும்பினார். பதில் சொன்னார். அவள் இடுப்பில் கைவைத்து நின்று முறைத்தாள், அவர் ஏதோ சமாதானம் சொன்னார், அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கீழே உட்கார்ந்தாள். இரண்டு பேரின் கைகளும் வேகமாகப் போயின, படம் சதுரம் சதுரமாக உடைந்தது. போன் ஓடிக்கொண்டிருப்பது இருவருக்கும் மறந்தே போய்விட்டது. தெருவில் யாரோ மீன் விலை கேட்கிற சத்தம், நாய் குரைக்கிற சத்தம், கடல் சத்தம் எல்லாம் எனக்கு மட்டும் கேட்டன. கார்டு நிறைந்து படம் தானாக நிற்கும்வரை அண்ணன் இந்தப் பக்கம் திரும்பவில்லை. நான் கடைசிவரை பார்த்தேன்.